இரவல் கூரைகள் – 11: தெம்பனிஸிலிருந்து தெம்பினிஸுக்கு

சிங்கப்பூரில் மலை கிடையாது. புக்கித் தீமா இருக்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 164 மீட்டர்கூட முழுசாக இல்லை அது. தெம்பனிஸில் எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடி. எனக்குத் தெரிந்த உயரமெல்லாம் மின்தூக்கி கொண்டுபோய் விடுகிற உயரம்தான்.

சென்ற வாரம் நுவரெலியாவின் ஹில் கிளப்பைப் பார்த்தோம். டை கட்டாமல் ராச்சாப்பாட்டுக்கு வந்தவருக்கு இரவல் டை கொடுத்து உட்கார வைக்கும் இடம். இந்த வாரம் போவது டை தேவைப்படாத இடத்துக்கு. அங்கே ஒன்று கட்டாயம் வேண்டும், காய்ந்த தீப்பெட்டி. அது எங்களிடம் இல்லை.

என் மனைவி பிறந்தது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 2008 டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அவள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். அதற்குமுன் தைப்பிங் மலைமேல் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். தொலைபேசியில் விசாரித்தபோது மறுமுனையில் இருந்தவர் தங்கும் வீடுகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். பெரிங்கின், செண்டானா, தெம்பினிஸ்...

“அந்த மூணாவது” என்றேன்.

“ஏன், அதுல என்ன இருக்கு?”

“பேரு இருக்கே.”

தெம்பினிஸ் ஒரு மரம். நம் அத்தி, ஆலமரக் குடும்பத்தைச் சேர்ந்தது, கீறினால் பால் வடியும். ஆனால் ஆலமரம்போல மெத்தென்ற கட்டை கிடையாது. ஆணி இறங்க மறுக்கும் வைரம் பாய்ந்த கட்டை. வீட்டுத் தூணுக்கும் பாலத்துக்கும் அதை வெட்டினார்கள். 1828ஆம் ஆண்டு சிங்கப்பூர் வரைபடத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆறு இருக்கிறது. பிறகு அது சாலையின் பெயரானது, அப்புறம் வட்டாரத்தின் பெயர். நடுவில் அங்கே மணல் தோண்டினார்கள். 1970களின் கடைசியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் எழும்பத் தொடங்கின. 1992இல் உலகக் குடியிருப்பு விருதும் வந்தது. இத்தனைக்கும் பெயர் கொடுத்த மரத்தைக் காட்டு என்றால் எங்கள் புளோக்கில் கையை உயர்த்த ஆள் இருக்காது. நானும் உயர்த்த மாட்டேன்.

சிராங்கூன் சாலையில் முஸ்தஃபாவுக்குப் போய் மூன்று ஸ்வெட்டர் வாங்கினோம். ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே ஸ்வெட்டர் வாங்குகிறவன் ஊருக்குப் போகிறான் என்று கடைப் பையனுக்குத் தெரியும். “ஊட்டியா, சிம்லாவா?” என்றான். “தைப்பிங்” என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது. கோல்டன் மைல் கட்டடத்தின் கீழே பேருந்து ஏறினோம். அந்தச் சலசலப்பெல்லாம் இன்று அங்கே இல்லை. விடிந்தபோது பேராக்கில் இருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது.

தைப்பிங்கில் மழை ஓர் ஊர்ப்பழக்கம். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டும். இன்று எத்தனை மணிக்குப் பெய்யும் என்று காப்பிக் கடையில் பந்தயம் கட்டுவது இந்த ஊரில் ஒரு காலத்தில் பெரிய சூதாட்டமாகவே இருந்தது. வெள்ளீயம் கிடைத்த ஊர். ஈயத்துக்காகச் சீனக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டு செத்த ஊர். 1874இல் சண்டை ஓய்ந்ததும் ‘நிலைத்த அமைதி’ என்று சீனத்தில் பெயர் வைத்தார்கள். மலாயாவின் முதல் ரயிலும் இங்கேதான் ஓடியது, 1885 ஜூன் மாதம், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு. தண்டவாளம் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள்.

ஏரிப் பூங்காவைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகும் சாலை போர்வீரர் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள். எதிர்ப்பக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும் கூர்க்காக்களும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள், அதில் 500க்கும் மேல் பெயர் தெரியாதவர்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. “பேர் இல்லாதவங்களை எப்படிப்பா இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு பிரிச்சாங்க?” என்று கேட்டாள். லேண்ட்ரோவர் வந்துவிட்டது. நான் தப்பித்தேன்.

சொந்தக் காரை மேலே விட மாட்டார்கள். அப்போது அரசாங்க லேண்ட்ரோவரில்தான் ஏற வேண்டியிருந்தது. எழுபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் என்று ஓட்டுநர் சொன்னார். மகள் விரல் விட்டு எண்ணினாள். மனைவி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டாள். பாதி வழியில் தேத்தோட்டம் என்ற இடத்தில் நின்றோம். அந்தக் காலத்தில் உண்மையாகவே தேயிலை போட்டுப் பார்த்த இடம். இப்போது பெயரும் கொஞ்சம் புதரும் மிச்சம். மேலே போய் இறங்கியதும் மகள் அறுபத்தொன்பதுதான் என்றாள். “மூணைக் கண்ணசந்து விட்டுட்டே பாப்பா” என்றார் ஓட்டுநர், நிதானமாக.

இந்த மலையை வெள்ளைக்காரர்கள் மேக்ஸ்வெல் மலை என்றார்கள். 1979இல் புக்கித் லாருட் என்று பெயர் மாறியது. தைப்பிங் தமிழர் வாயில் இன்றும் ‘மெக்ஸ்வெல்’தான். வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் பேராக்கின் துணை ரெசிடெண்டாக இருந்தவர். பிற்பாடு சிங்கப்பூரில் காலனியச் செயலாளராக வந்தார். நாம் வரிசையில் நின்று கோழிச் சோறு வாங்கும் மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறதே, அந்தச் சாலைக்கும் அந்தக் குடும்பத்தின் பெயர்தான். 1884இல் இந்த மலைமேல் ஓய்வு வீடுகள் வந்தன. மலேசியாவின் முதல் மலை வாசத்தலம் என்று விளம்பரம் செய்வார்கள். பினாங்கு மலைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டு முந்தியே ஏறிவிட்டார்கள். மலாய் மாநிலங்களில் முதலாவது என்று சொன்னால் வம்பில்லை.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று துரைமார் நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல். அதாவது இந்த மலைமேல் வீடு கட்டியபோது யாரிடமிருந்து ஓடுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஓடிய திசை சரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி குறைகிறது, கொசுவும் குறைகிறது. தப்பான காரணத்துக்காகச் சரியான இடத்தில் கட்டிய வீடுகள்.

அப்போது சாலை இல்லை. நடக்கலாம், மட்டக் குதிரையில் போகலாம், இல்லையென்றால் நாற்காலிப் பல்லக்கில் உட்கார்ந்து போகலாம். மூன்றாவது வழியில் போக இன்னொருவர் தோள் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஜப்பானியப் போர்க்கைதிகளை இறக்கிச் சாலை வெட்டினார்கள். 1948இல் திறந்தார்கள். அதுவரை அறுபது ஆண்டுக்கு மேல், மேலே இருந்த ஒவ்வொரு கட்டிலும் கண்ணாடியும் சோடா பாட்டிலும் யாரோ ஒருவர் முதுகில் ஏறிப் போனவை. பேராக்கில் துரைமாரின் வீட்டுப் பழக்கம் எப்படி இருந்தது என்பதற்கு இசபெல்லா பேர்ட் சாட்சி. 1879இல் மேக்ஸ்வெலின் விருந்தாளியாகத் தைப்பிங்கில் தங்கிய இங்கிலாந்துப் பயணி அவர். அடுத்து கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டுக்குப் போனார். லோ இல்லை. வளர்ப்புக் குரங்குகள் மேசையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டன. அதையும் எழுதி வைத்திருக்கிறார். ஹியூ லோ பின்னால் மறுபடி வருவார், பெயரை நினைவில் வையுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். மரத்தரை, உயரமான கூரை, சுவரில் ஒரு கணப்பு. மெத்தையைத் தொட்டால் ஈரமா குளிரா என்று சொல்ல முடியாத ஒரு சில்லிப்பு. மலைமேல் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் மழை. மேற்கு மலேசியாவில் இதைவிட நனைந்த இடம் இல்லை. துணி காயாது, உப்பு கொட்டாது, பிஸ்கட் வளையும். என் கால்சட்டை மடிப்பில் இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன. மனைவி உப்பைத் தேடினாள். உப்பு கட்டியாக இருந்தது. கட்டியோடு தேய்த்தாள்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர் தமிழர், அறுபதைத் தாண்டியவர், மலையிலேயே வேலை பார்த்த குடும்பம். வாயில் வெற்றிலை, காலில் ரப்பர் பூட்ஸ். வீட்டை அவர் ஒரு தடவைகூடத் தெம்பினிஸ் என்று சொல்லவில்லை. துரை பங்களா என்றே சொன்னார். இந்த மலையில் வீடுகளுக்கு முன்பு ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. பிறகு அதில் பலவற்றுக்கு மரங்களின் பெயர் வைத்தார்கள். அவருக்கு இரண்டும் பலகையில் எழுதுகிற சமாசாரம்.

ஐந்து மணிக்கு மேகம் வீட்டுக்குள் வந்தது. கவிதையாகச் சொல்லவில்லை. சன்னல் வழியாக வந்து சாப்பாட்டு மேசைமேல் நின்றது. நான் கணப்பைப் பற்றவைக்கிறேன் என்று குந்தினேன். தீப்பெட்டியில் ஒரு குச்சியை உரசினால் மருந்து களிம்பாக வழிந்தது. அடுத்த குச்சியும் அப்படித்தான். சமையலறையிலிருந்து லைட்டர் கொண்டுவந்தேன். பழைய தமிழ் முரசு தாள் எரிந்தது, விறகு அழுதது. அரை மணி நேரத்தில் மூன்று நாள் செய்தி காலி. தமிழ் வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

அவர் வாசல்படியில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“நகருங்க தம்பி” என்றார். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கறுத்துச் சுருண்ட நார் மாதிரி ஏதோ ஒன்று. விரல் கடை அளவு பிய்த்தார். சிறிய குச்சிகளைக் கிணற்றுக் கட்டுமாதிரி சதுரமாக அடுக்கினார், நடுவில் காற்றுக்கு இடம் விட்டு. பிய்த்த துண்டை லைட்டரில் காட்டினார். அது உடனே பற்றவில்லை. முதலில் வியர்த்தது, பிறகு பொறுமையாக ஒரு மஞ்சள் சுடர். கருஞ்சாம்பல் நூலாகப் புகை. துண்டை அடுக்கின் நடுவே வைத்து ஒதுங்கினார். சுடர் ஆடவே இல்லை. எண்ணெய் சொட்டுவதுபோலச் சொட்டிச் சொட்டி, ஈர விறகு வழிக்கு வரும்வரை எரிந்துகொண்டே இருந்தது.

நாற்றம் அறைக்குள் பரவியது. நான் மூக்கைப் பொத்தினேன். உள்ளறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

“ஒட்டுப்பாலா அண்ணே?”

“ஆமா தங்கச்சி. எந்தத் தோட்டம்?”

சொன்னாள். பிறகு அந்த இருவரும் பேசிக்கொண்ட முக்கால் மணி நேரத்துக்கு நான் அங்கே தேவைப்படவில்லை.

ரப்பர் மரத்தில் பால் எடுத்த பிறகு வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கிற நார்தான் ஒட்டுப்பால். மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்தெடுத்துக் கூடையில் போடுவார்கள். அதுவும் தோட்டக் கணக்கில் சேரும். ஆனால் கொஞ்சம் லயத்துக்கு வந்துவிடும். காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. “எங்க ஆயா முந்தானை முடிச்சுல காசு இருக்காது, இதுதான் இருக்கும்” என்றாள் மனைவி. பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. தெம்பனிஸில் எரிவாயு அடுப்பு. அதனால் பேச்சே வரவில்லை.

இப்போது ஹியூ லோ. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலைக்கு வந்து சேர்ந்தவை 22 ரப்பர்க் கன்றுகள். அதில் ஒன்பது கோலகங்சாருக்குப் போய் ரெசிடெண்டின் வளாகத்தில் நட்டாயிற்று. அந்த நாளைய மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ரெசிடெண்ட் லோதான். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி கண்டுபிடித்த பிறகு தோட்டங்கள் பெருகின, நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள். துரை நட்ட கன்றின் கழிவுநாரைக் கொண்டு துரை கட்டிய கணப்பில் நெருப்பு. நான் பற்றவைக்க முடியாத நெருப்பு.

ராத்திரி முழுக்க மழை கூரையில் நடந்தது. விடியற்காலை ஒரு பத்து நிமிடம் மேகம் விலகியது. கீழே ஏரிப் பூங்கா, ஊர், அதற்கப்பால் கடற்கரையின் பழுப்புக் கோடு. வானம் சுத்தமாக இருந்தால் வடக்கே பினாங்கும் தெற்கே பங்கோர் தீவும் தெரியும் என்றார் பெரியவர். பார்த்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். மகள் மட்டும் பினாங்கைப் பார்த்ததாக இன்றும் சாதிக்கிறாள்.

கிளம்பும்போது கேட்டேன். “அண்ணே, இந்தத் தெம்பினிஸ் மரம் எங்க இருக்கு? காட்டுங்களேன்.”

அவர் பலகையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். “பேரு வச்சவங்க வேற, நட்டவங்க வேற தம்பி. இங்க டேலியா இருக்கு, ரோஜா இருக்கு. அது நான் பாத்ததில்ல. உங்க ஊர்லயே அந்தப் பேரு இருக்குங்கறீங்க. அங்க இருக்குமே?”

அண்மைக் காலத்தில் அந்த மலைப்பாதை மண்சரிவால் அடைபடுவது அடிக்கடி நடக்கிறது. மலைமேல் கேபிள் கார் விடும் திட்டம் பேச்சில் இருக்கிறது. காட்டை நேசிப்பவர்கள் எதிர்க்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது, வளைவு எண்ணும் பிள்ளைகளுக்காகவாவது.

அன்று பெரியவர் என் மனைவிக்கு ஒரு சுருள் ஒட்டுப்பால் கொடுத்தனுப்பினார். தெம்பனிஸ் வீட்டுக்குள் வைக்க அவளே சம்மதிக்கவில்லை. நாளிதழில் சுற்றி, வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். மழைக்காலத்தில் மின்தூக்கி திறந்ததுமே நெடி வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு மலாய் அம்மா அலமாரி அருகே குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார். ஜொகூர்க் கம்பத்தில் வளர்ந்தவர். புகார் சொல்லப் போகிறார் என்று பயந்து மகள் கதவைத் திறந்தாள்.

“கெத்தா?” என்றார் அவர், கண்கள் விரிய. மலாயில் ரப்பருக்கு அதுதான் சொல்.

“ஆமாம் ஆண்ட்டி, ரொம்ப கெத்து” என்றாள் மகள், தமிழில்.

(தொடரும்)