பிட்யூட்டரிக் கட்டியும் பார்வை மீட்சியும்

கண்ணில் யாதொரு கோளாறும் இன்றியே பார்வை குன்றுவதுண்டு. எதிரேயுள்ள எழுத்துக்களைத் தடையின்றிப் படிப்பவர், பக்கவாட்டில் வரும் சைக்கிளைக் காணாமல் மோதிக்கொள்வார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடியை மாற்றியும் பயன் இராது. இத்தகையோரில் சிலருக்குக் குறை இருப்பது கண்ணில் அன்று, மூளையின் அடிப்புறத்தில்.

இரு கண்களின் பார்வை நரம்புகளும் மூளையின் அடியில் ஒன்று கூடுகின்றன. இவ்விடம் பார்வை நரம்புச் சந்தி எனப்படும். விழித்திரையில் மூக்கை அடுத்த பாதியிலிருந்து வரும் இழைகள் இங்கு எதிர்ப்பக்கத்திற்குக் கடந்து செல்கின்றன. மற்றப் பாதியின் இழைகள் தம் பக்கத்திலேயே செல்கின்றன. விழித்திரையில் உருவம் இடவலம் மாறி விழுவதால், வெளிப்புறக் காட்சியை மூளைக்குக் கொண்டு செல்பவை குறுக்கே கடக்கும் இழைகளே.

சந்திக்குச் சற்றுக் கீழே, எலும்புக் குழியொன்றில், சுமார் அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரி சுரப்பி அமைந்துள்ளது. இதில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆயினும், அவை மேல்நோக்கி வளர்ந்தால் குறுக்கே செல்லும் இழைகளை அழுத்துகின்றன. அதனால் இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை மங்குகின்றது. வழக்கமாக மேற்பகுதியே முதலில் மறையும்.

1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்பார் மூக்கின் வழியாக இத்தகைய கட்டியை அகற்றினார். இன்று நுண்ணோக்கி, எண்டாஸ்கோப் ஆகியவற்றின் துணையால், பெரும்பாலான பிட்யூட்டரிக் கட்டிகள் மண்டையோட்டைத் திறவாமலே அகற்றப்படுகின்றன. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளுக்கு மாத்திரைகளே முதற் சிகிச்சையாகும்.

அழுத்தம் நீங்கியபின் பார்வை படிப்படியாகத் திரும்புகின்றது. செயலற்றிருந்த இழைகளில் சில, சில மணி நேரத்திலோ நாட்களிலோ மீண்டும் செய்தி கடத்தத் தொடங்கும். உறையிழந்த இழைகள் புதிய உறை பெறுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அதன் பின்னரும் சிறிது முன்னேற்றம் காணலாம். ஆனால், முற்றிலும் அழிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே, அழுத்தம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதைப் பெரிதும் பொறுத்தே பலன் அமைகின்றது. விழித்திரை நரம்பிழைப் படலத்தின் தடிப்பை அளந்து, மருத்துவர்கள் இதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கின்றனர்.

எழுத்துப் பலகைச் சோதனை நேர்ப் பார்வையை மட்டுமே அளக்கும். இக்குறை அதில் தப்பிவிடலாம். எனவே, களப்பணியாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். சோதிக்கப்படுபவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் அமர்க. அவர் வலக் கண்ணை மூடட்டும். சோதிப்பவர் தம் இடக் கண்ணை மூடுக. இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கியிருக்க, இருவருக்கும் நடுவே விரலை ஓரத்திலிருந்து உள்நோக்கி அசைத்து வருக. சோதிப்பவர் கண்ட பின்னும் அவர் நெடுநேரம் காணாவிடில் குறை உண்டென ஐயுறலாம். மற்றக் கண்ணையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். ஐயமுள்ளோரைக் கண் மருத்துவரிடம் அனுப்புதல் அவசியம். தலைவலியும் வளர்ச்சிக் குறைவும் பார்வை மங்கலும் சேர்ந்து காணப்படும் மாணவரையும் ஆசிரியர்கள் உடனே அனுப்ப வேண்டும்.

அறுவைக்குப் பின் திடீரெனப் பார்வை மங்கினாலோ, மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலோ, தாமதமின்றி மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். மருத்துவர் அளித்த ஹார்மோன் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தாகும். கட்டி மீண்டும் வளரக்கூடும் ஆதலின், பார்வை நன்கு திரும்பிய பின்னரும் குறித்த காலங்களில் பார்வைப் பரப்புச் சோதனை செய்துகொள்ளுதல் இன்றியமையாதது.