மான் வரும் வழியில் ஒரு கண்

ஜொகூர் மாநிலத்தின் வடக்கே, பகாங் எல்லையை ஒட்டிப் பரந்து கிடப்பது எண்டாவ் ரொம்பின் காடு. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் ஓர் அறிவியல் பயணத்தை நடத்தி, இக்காட்டின் அருமையை நாட்டுக்கு எடுத்துக்காட்டியது. 1993-இல் ஜொகூர் பக்கத்துக் காடு மாநிலத் தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. கஹாங் பட்டணத்திலிருந்து செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் கரடுமுரடான மண்பாதையில் சென்றால் கம்போங் பேத்தா வரும். ஜாக்குன் பழங்குடியினர் வாழும் அந்தச் சிற்றூர்தான் பூங்காவின் கிழக்கு வாயில்.

அங்கே செல்பவர்கள் மானைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அரிது. ஈர மண்ணில் குளம்புத் தடம் இருக்கும். கடித்த தளிர் இருக்கும். மான் மட்டும் இருக்காது. கடமான் பெரும்பாலும் இருட்டிய பிறகே நடமாடும். கேளையாடு நாயைப் போலக் குரைக்கும் ஓசை கேட்குமே தவிர, உருவம் புதரை விட்டு வெளியே வராது. சாங் கன்சில் கதைகளால் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த சருகுமானோ ஏறத்தாழ இரண்டு கிலோ எடைதான். காய்ந்த இலைகளோடு இலையாக மறைந்துவிடும். (சருகுமான் உண்மையில் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதற்குக் கொம்பே கிடையாது.)

இவ்விலங்குகள் எத்தனை எஞ்சியுள்ளன என்பது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அன்று. மலாயாப் புலிக்குக் கடமானும் கேளையாடும் காட்டுப்பன்றியும் முக்கிய இரை. காடுகளில் இன்று 150 புலிகளுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று தேசியக் கணக்கெடுப்பு கூறுகிறது. மான்கள் கம்பிக் கண்ணிகளில் மாட்டி அழிந்தால், புலியைச் சுடாமலேயே அதைக் கொன்றுவிடலாம். தீபகற்ப மலேசியாவில் கடமான், கேளையாடு ஆகியவற்றை வேட்டையாடும் உரிமங்கள் 2009-ஆம் ஆண்டு முதல் நிறுத்தி வைக்கப்பட்டதற்கு இந்த அச்சமே காரணம். ஆனால், கண்ணால் காண முடியாத விலங்கை எப்படி எண்ணுவது?

விடை, மரத்தில் கட்டப்படும் தானியங்கிப் படக்கருவி. இதன் வரலாறே மானில்தான் தொடங்குகிறது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் 1890-களில், விலங்கின் கால் பட்டதும் இழுபடும் கயிற்றைக் கருவியோடு இணைத்து, இரவில் மான்கள் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளச் செய்தார். அவருடைய படங்கள் 1906-இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழில் வெளிவந்தன. இன்று கயிறு இல்லை. அதற்குப் பதிலாக வெப்ப உணரி இருக்கிறது. எந்தக் கருவி நம்பகமானது என்பதை அறிய, இந்த உணரி வேலை செய்யும் விதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

உணரி மானைப் பார்ப்பதில்லை. தன் முன்னே உள்ள இடத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் திடீர் மாற்றம் ஏற்படுகிறதா என்று மட்டுமே கவனிக்கிறது. குளிர்ந்த இரவில் வெப்பமான உடல் ஒன்று நகர்ந்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். நண்பகலில் வெயில் பட்ட மணல்திட்டும் மானின் மேற்தோலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும்போது கருவி ஏமாந்துவிடும். அதே வெயிலில் காற்றுக்கு ஆடும் இலையை விலங்கென்று எண்ணி நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்களை எடுத்துத் தள்ளும். குளிர்நாட்டில் நற்பெயர் பெற்ற கருவி ஜொகூர்க் காட்டில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வேகம். கருவி விலங்கை உணர்ந்ததற்கும் படம் எடுப்பதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. மான் ஒரு வினாடிக்கு ஒரு மீட்டர் நடப்பதாகக் கொள்வோம். மூன்று மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் பார்க்கும் கருவியின் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். மான் நடுவே வரும்போது உணரப்பட்டு, ஒரு வினாடி கழித்துப் படம் எடுக்கப்பட்டால், அதன் தலை சட்டத்தின் விளிம்பை எட்டியிருக்கும். ஓடும் மானாக இருந்தால் வால்கூட மிஞ்சாது. தாமதம் அரை வினாடிக்கும் குறைவாக இருந்தால்தான் முழு உருவம் கிடைக்கும். பாதைக்கு நேர்க்குறுக்காகக் கட்டாமல் சற்றுச் சாய்வாகக் கட்டினாலும் பயன் உண்டு. விலங்கு கூடுதல் நேரம் சட்டத்துக்குள் இருக்கும்.

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் எண்ணிக்கையைத்தான். அதை நம்பி வாங்குவோரே அதிகம். ஆனால், பல மலிவுக் கருவிகளில் அந்த எண், உள்ளே இருக்கும் சிறிய உணர்பட்டை எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெருக்கியதால் வருவது. படத்தில் இருப்பது கேளையாடா கன்றுக் கடமானா என்று சொல்ல அந்த ஊதல் உதவாது.

இரவுப் படத்துக்கான ஒளியும் முக்கியம். 850 நானோமீட்டர் ஒளி தொலைவு வரை எட்டும். ஆனால், எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டர் ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. எட்டும் தொலைவோ குறைவு. கள்ள வேட்டைக்காரர்கள் நடமாடும் பாதையில் சிவப்புப் புள்ளி ஆபத்தானது. கருவியும் போகும், அதிலிருந்த படங்களும் போகும்.

ஜொகூரில் கருவியின் உண்மையான எதிரி ஈரம். நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை ஆறுகளைப் பெருக்கெடுக்கச் செய்யும். உள்ளே போக முடியாது. அதுவரை கருவி தனியாகவே தாக்குப்பிடிக்க வேண்டும். மூடியின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தால் கண்ணாடியில் நீராவி படியும். எறும்புகள் உள்ளே புகுந்து முட்டையிடும். யானைக்குப் பிடிக்காவிட்டால் பிடுங்கி எறிந்துவிடும். அதற்கு எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதில்லை. நீருறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், இரும்பு உறை, லித்தியம் மின்கலம் ஆகியவற்றுக்கான செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதே சரி.

ஆராய்ச்சிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. புலிகளை வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். கடமான்களுக்கு அத்தகைய அடையாளம் இல்லை. கொம்பும் உதிர்ந்து முளைப்பது. எனவே, இத்தனை இரவுகளில் இத்தனை முறை மான் பதிவாயிற்று என்றே ஓர் இடத்தை மற்றோர் இடத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஆற்றோரத்தில் விரைவான கருவியும் மலைச்சரிவில் மந்தமான கருவியும் இருந்தால், சரிவில் மான் குறைவு என்ற பொய்யான முடிவு பிறக்கும். விலை உயர்ந்த நான்கு கருவிகளும் மலிவான ஆறு கருவிகளும் வாங்குவதைவிட, ஒரே வகையில் ஏழு வாங்குவது மேல்.

மாறாக, ஒரே ஒரு தெளிவான படம்கூட வரலாற்றை மாற்றியதுண்டு. வெள்ளிமுதுகுச் சருகுமான் அழிந்துவிட்டதோ என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஐயுற்றிருந்தனர். வியட்நாம் காட்டில் வைத்த தானியங்கிக் கருவிகளில் அது நடந்து செல்லும் படங்கள் பதிவாகியிருந்தன. 2019-இல் அச்செய்தி உலகுக்கு வெளியிடப்பட்டது.

வாங்கிய கருவியை நேரே காட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. ஒரு வாரம் வீட்டுத் தோட்டத்தில் கட்டி வைத்து, முழங்கால் உயரத்தில் தவழ்ந்தும் நடந்தும் சோதிக்கலாம். பக்கத்து வீட்டுப் பூனை இரவில் தெளிவாகப் பதிவானால் சருகுமானும் பதிவாகும் என்று ஓரளவு நம்பலாம். பூங்காவுக்குள் வைக்க உரிய அதிகாரிகளின் அனுமதி வேண்டும். மான் எந்த வழியாக உப்பு மண்ணைத் தேடி வரும் என்பதைக் காட்டோடு வாழும் ஜாக்குன் மக்களிடம் கேட்டறிவது பல நாள் அலைச்சலைக் குறைக்கும்.

கட்டி முடித்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சில கருவிகளில் மின்கலத்தை மாற்றியதும் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பிவிடும். நள்ளிரவில் வந்த மான் நண்பகலில் வந்ததாகப் பதிவாகும். இதைத் தவிர்க்க, அனுபவசாலிகள் ஒரு தாளில் இடம், நாள், நேரம் ஆகியவற்றைப் பெரிதாக எழுதிக் கருவியின் முன் பிடித்து, முதல் படமாக அதையே பதிவு செய்துவிட்டுப் புறப்படுகிறார்கள்.