டிரங்குப் பெட்டியில் எழுதிய பெயர்

2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்த அந்த நாட்களில், ஒரு ராத்திரி எதிர் வரிசை வீட்டு மருமகள் போனும் கையுமாக ஓடிவந்தாள். அவள் புருஷன் பீரங்கிப் படையில் இருக்கிறான். போனில் ஒரு வீடியோ. இந்திய போஸ்ட் ஒன்றைத் தகர்த்துவிட்டார்களாம், '20 ராஜ் பட்டாலியன்' அழிந்துவிட்டதாம். "மாமா, இது எந்த இடம்? அவரு அங்கதானா?" என்றாள். உதடு நடுங்கியது.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். அந்தப் பெயரைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். ராஜ்புத் ரெஜிமென்ட் உண்டு, ராஜ்புதானா ரைபிள்ஸ் உண்டு. 'ராஜ் பட்டாலியன்' என்று பட்டாளத்தில் யாரும் எழுதமாட்டார்கள். பொய்யைச் சமைத்தவனுக்கு எங்கள் பாஷை தெரியவில்லை. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவும் அதையேதான் சொன்னது: அப்படி ஒரு யூனிட்டே இல்லை, வீடியோ நடித்து எடுத்தது.

அதே நாட்களில் ராணுவத் தளபதி ஜெனரல் வி.கே.நாராயண் எழுதியதாக ஒரு ரகசியக் கடிதமும் சுற்றியது. அப்போது தளபதி ஜெனரல் உபேந்திர துவிவேதி. ரிக்ரூட்டாகச் சேர்ந்த பையனுக்குக்கூட அது தெரியும். ஆனால் கடிதத்தில் முத்திரையும் 'ரகசியம்' என்ற சொல்லும் இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. கையெழுத்து வரை போவதில்லை.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் சுரங்க வேலைக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில்தான் நான் பிறந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடிய பிறகு, இந்த ஊரின் பையன்கள் ஒன்று விடியற்கால ரயில் ஏறி பெங்களூரு வேலைக்குப் போனார்கள், இல்லாவிட்டால் பட்டாளத்துக்கு. லீவுக்கு வருகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வாசலில் உட்காரவைத்துப் பேசுகிறேன். போனில் வருவதை எப்படி நம்புவது, போனிலிருந்து எதை வெளியே விடக்கூடாது என்பதுதான் பேச்சு. டிஜிட்டல் ஊடக அறிவு என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். எனக்கு இது சென்ட்ரி டியூட்டி மாதிரி. உள்ளே வருகிறவனையும் நிறுத்திக் கேட்கவேண்டும், வெளியே போகிறவனையும் நிறுத்திக் கேட்கவேண்டும்.

பாடத்தை ஒரு கேள்வியில் தொடங்குவேன். லீவுக்கு வந்த ஒரு பையனின் வீட்டார் பேஸ்புக்கை அவர்கள் சம்மதத்தோடு திறந்து, "தம்பியோட யூனிட் எதுன்னு பத்து நிமிஷத்துல கண்டுபிடிங்க" என்று மற்றவர்களிடம் கொடுப்பேன். போன மாதம் ஒரு சின்னப் பெண் நாலே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். அவன் எதுவும் எழுதவில்லை, ஜாக்கிரதையான பையன். ஆனால் அக்கா புருஷன் 'மச்சான் டியூட்டிக்குக் கிளம்பியாச்சு' என்று ஒரு படம் போட்டிருந்தார். படத்தில் பையன் பக்கத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி. நம்பர், ராங்க், பெயர், யூனிட் நாலையும் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் பெட்டி. கீழே வாழ்த்துச் சொன்ன கூட்டாளிகள் எல்லாரும் அதே யூனிட். பையன் முகம் வெளுத்துப்போனது.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. லாட்வியாவின் ரீகா நகரில் நேட்டோவின் ஆய்வு மையம் ஒன்று, தங்கள் படையின் பயிற்சி நடக்கும்போதே போலிப் பக்கங்களும் போலிக் கணக்குகளும் திறந்து வலை விரித்தது. 2019இல் முடிவை வெளியிட்டார்கள். செலவு 60 டாலர். அடையாளம் தெரிந்த வீரர்கள் 150 பேர். பல பட்டாலியன்கள் நின்ற இடமும் தெரிந்தது. சிலரைக் கடமைக்கு மாறாக நடக்கவும் வைக்க முடிந்தது. உயிரே போன கதையும் உண்டு. 2023 புத்தாண்டு ராத்திரி உக்ரைனின் மகீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் ராக்கெட் விழுந்தது. இறந்தவர்கள் 89 பேர் என்றும், தடையை மீறி செல்போன் பேசியதே முக்கியக் காரணம் என்றும் ரஷ்ய ராணுவமே அறிவித்தது.

நம் படைகளும் சும்மா இருக்கவில்லை. 2019 டிசம்பரில் கடற்படையைச் சேர்ந்த ஏழு பேர் உளவு வழக்கில் கைதானார்கள். பேஸ்புக்கில் பெண் பெயரில் வந்த நட்பில் தொடங்கிய விவகாரம் என்று போலீஸ் சொன்னது. அந்த மாதமே தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. 2020 ஜூலை 15க்குள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கும்படி ராணுவம் உத்தரவிட்டது. ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார், மனு தள்ளுபடியானது. அந்த உத்தரவு நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் உத்தரவு ஜவானின் போனுக்குத்தான் போகும். அவன் தங்கச்சியின் போனுக்குப் போகாது, மச்சானின் போனுக்குப் போகாது. என் வாசலில் அம்மாக்களையும் உட்காரச் சொல்வது அதனால்தான்.

வதந்தி என்ன செய்யும் என்று இந்த ஊர் அம்மாக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா சாம்பியன் ரீஃபில் பாதாளத்தில் வேலை பார்த்தவர். பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம். உடனே பெண்கள் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒருநாள், போகும் வழியிலேயே யாரோ அப்பா பெயரைச் சொல்லிவிட்டார்கள். அம்மா தரையில் விழுந்து புரண்டாள். ரெண்டு மணி நேரம் கழித்து அப்பா கூண்டில் ஏறி மேலே வந்தார், உடம்பெல்லாம் புழுதி. சொன்னவர் கெட்டவர் இல்லை. ஷிப்ட் கணக்கு வருமுன் வாயைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா எங்களிடம் அடிக்கடி கேட்பார்: "யார் எண்ணிப் பாத்தாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் இப்போது வீடியோவிடம் கேட்கச் சொல்கிறேன். வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்த்தால் பயம்தான் ஏறும். அதை மூடிவிட்டு வெளியே போய், வேறு யார் சொல்கிறார்கள் என்று தேடவேண்டும். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். குஜராத்தின் ஹசிரா துறைமுகம் தாக்கப்பட்டதாக அந்த மே மாதம் வந்த வீடியோ, 2021 ஜூலை 7ஆம் தேதியிட்ட பழைய வீடியோ. பிஐபியின் வாட்ஸ்அப் எண் 8799711259. சந்தேகமானதை அங்கே அனுப்பிக் கேட்கலாம்.

பென்ஷன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழ்வுச் சான்றிதழ் நின்றுபோச்சு, ஸ்பர்ஷ் பென்ஷன் கணக்கு முடங்கிடும், ஓடிபி சொல்லுங்க என்று யாராவது போனில் இந்தியில் அதட்டினால், நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் 'ஜி சாப்' என்று ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள்.

அந்த டிரங்குப் பெட்டிப் பையன் லீவு முடிந்து போன திங்கட்கிழமை கிளம்பினான். மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். அக்கா புருஷன் படமெடுக்கப் போனை எடுத்தார். பையனின் அம்மா ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியின் மேல் விரித்து, நாலு பக்கமும் இழுத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். "இப்ப எடுங்க. அவன் போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ணட்டும், அப்புறமா எங்களுக்கு மட்டும் அனுப்புங்க" என்றார்.