ரூ.3 ஆயிரம் கட்டினார், கடன் ரூ.535 ஏறியது! கிரெடிட் கார்டு வாங்கிய லாரி ஷெட் குமாஸ்தா பட்ட பாடு

சென்னை,

கடனில் 3 ஆயிரம் ரூபாய் கட்டினால் கடன் 3 ஆயிரம் ரூபாய் குறைய வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

சென்னையில் ஒரு குமாஸ்தா 3 ஆயிரம் ரூபாய் கட்டினார். அடுத்த மாதம் பார்த்தால் கடன் 535 ரூபாய் கூடி இருந்தது!

கடன் கொடுத்தது கந்து வட்டிக்காரன் அல்ல. மீட்டர் வட்டிக்காரனும் அல்ல. பளபளவென்று பெயர் பொறித்து, கூரியரில் வீடு தேடி வந்த கிரெடிட் கார்டுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அந்தக் குமாஸ்தாவுக்கு வயது 34. பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஆவடியில் வாடகை வீடு. மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகன். தினமும் மின்சார ரெயிலில் வந்து இறங்கி, வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு லாரி ஷெட்டில் புக்கிங் எழுதுகிறார். சம்பளம் மாதம் 24 ஆயிரம் ரூபாய்.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள் மாலை, ரெயில் நிலையத்துக்கு வெளியே குடை விரித்து, மேஜை போட்டு நின்ற வாலிபர் ஒருவர் அவரை மடக்கினார்.

"சார், ஒரே நிமிஷம் சார். வருஷ சந்தா கிடையாது. ஆயுசுக்கும் இலவசம்" என்றார்.

ஆதார், பான், சம்பளச் சீட்டு. அவ்வளவுதான். பத்து நாளில் கார்டு வந்து விட்டது. வாங்கிக் கொள்ளும் வரம்பு 80 ஆயிரம் ரூபாய்!

"மூணு மாச சம்பளத்துக்கு மேலே ஒரு அட்டையில இருக்குன்னு நினைச்சேன். அது என் பணம் இல்லே, கடன்னு மனசுல படவே இல்லே" என்கிறார் அவர்.

தாய்மாமன் சீர்

ஆவணி மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் இவர்தான் செய்ய வேண்டும். கையில் காசு இல்லை. சட்டைப் பையில் கார்டு இருந்தது.

ஆகஸ்டு 25-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மனைவியுடன் தி.நகர் போனார். தோடு 26 ஆயிரம். பட்டுச் சேலையும் பாவாடையும் 14 ஆயிரம். வெள்ளிக் கொலுசு 8 ஆயிரம். பாத்திரம், துணிமணி 12 ஆயிரம். மொத்தம் 60 ஆயிரம் ரூபாய். எல்லாம் ஒரே நாளில் ஒரே கார்டில்.

காதுகுத்து ஜாம் ஜாம் என்று நடந்தது. "மாமன்னா இவன்தான்" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

செப்டம்பர் 5-ந் தேதி பில் வந்தது. அதில் இரண்டு தொகை இருந்தது. மொத்த பாக்கி 60 ஆயிரம். "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது" 3 ஆயிரம். கடைசி நாள் செப்டம்பர் 25.

"3 ஆயிரம்தானே? மாசம் மூணு மூணா 20 மாசத்துல அடைச்சிடலாம்" என்று கணக்குப் போட்டார். கடைசி நாளில் 3 ஆயிரத்தைக் கட்டி விட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

திடுக்கிட்டார்

அக்டோபர் 5-ந் தேதி அடுத்த பில் செல்போனில் வந்தது. திறந்து பார்த்தவர் திடுக்கிட்டார்.

மொத்த பாக்கி 60 ஆயிரத்து 535 ரூபாய்! இந்த முறை குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 3 ஆயிரம் அல்ல, 6 ஆயிரத்து 385!

நடுவில் ஒரு பைசாவுக்குக் கூட அவர் எதுவும் வாங்கவில்லை.

ஷெட்டில் 30 வருடமாகக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் செல்போனைக் காட்டினார். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு பில்லின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தம்பி, இது என்ன வட்டின்னு தெரியுமா? மூணே முக்கால் வட்டிப்பா!"

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாதம் 3.75 சதவீதம்" என்று அச்சடித்தால் யாரும் கண்டு கொள்வதில்லை. அதையே நம் பாஷையில் "நூத்துக்கு மாசம் மூணே முக்கால் ரூபாய்" என்று சொன்னால் ஆள் எழுந்து ஓடுவான். வருடக் கணக்கில் அது 45 சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு! இரண்டும் சேர்ந்தால் நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய நாலரை ரூபாய்.

எல்லா கார்டுக்கும் இதே வட்டி இல்லை. ஒரு கார்டுக்கு ஒரு கார்டு மாறும். ஆனால் மாதம் மூன்றரைக்கும் மூணே முக்காலுக்கும் இடையில் வாங்கும் கார்டுகள் ஏராளம்.

முதல் நாளில் இருந்தே

பெரியவர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்கைப் பிரித்துக் காட்டினார்.

முழு பில்லையும் கடைசி நாளுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. ஆனால் ஒரு பகுதி பாக்கி வைத்தாலும், பொருள் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓட ஆரம்பித்து விடும். மீதி பாக்கிக்கு மட்டும்தான் வட்டி, கடைசி நாளுக்குப் பிறகுதான் வட்டி என்று நினைப்பது தப்பு.

ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 25 வரை 31 நாள். 60 ஆயிரத்துக்கு வட்டி 2 ஆயிரத்து 293 ரூபாய். அதன் பிறகு அக்டோபர் 5 வரை 10 நாள். 57 ஆயிரத்துக்கு வட்டி 703 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2 ஆயிரத்து 996. ஜி.எஸ்.டி. 539. ஆக 3 ஆயிரத்து 535 ரூபாய்.

கட்டியது 3 ஆயிரம். ஏறியது 3 ஆயிரத்து 535. கடன் 535 ரூபாய் கூடியதன் மர்மம் இதுதான்.

"அப்ப குறைந்தபட்சம்னு எதுக்குண்ணே போடுறான்?" என்று குமாஸ்தா கேட்டார்.

"நீ கெட்ட பேர் வாங்காம இருக்க. கடன் தீர்றதுக்கு இல்லே" என்றார் பெரியவர்.

தீபாவளி செலவு

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தீபாவளி வந்து விட்டது.

அக்டோபர் 13-ந் தேதி வீட்டுக்குத் துணிமணி, மகனுக்கு சைக்கிள் என்று 12 ஆயிரத்துக்கு மறுபடியும் கார்டைத் தேய்த்தார். "புதுசா வாங்கினதுக்கு ஒன்றரை மாசம் வட்டி இல்லை" என்று எண்ணினார்.

பழைய பாக்கி நிற்கும்போது அந்தச் சலுகை கிடையாது. புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய அன்றே வட்டி ஏறும். இதையும் அவர் பிறகுதான் தெரிந்து கொண்டார்.

கையில் இருந்தது 3 ஆயிரம். அதைத்தான் அந்த மாதம் கட்டினார். குறைந்தபட்சத் தொகைக்கே போதாததால் தாமதக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் விழுந்தது. நவம்பர் பில் 73 ஆயிரம் ரூபாயைத் தாண்டி விட்டது!

போன் வர ஆரம்பித்தது. ஷெட்டில் லோடு ஏற்றும் நேரத்தில், சாப்பிடும் நேரத்தில், ரெயிலில் நிற்கும்போது. சார் என்று கூப்பிட்டவர்கள் இப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கார்டு தேய்க்கும் கடை

நண்பர் ஒருவர் வழி சொன்னார். ஒரு செல்போன் கடைக்காரர் பில் பணத்தைத் தானே கட்டி விடுவாராம். பிறகு பொருள் வாங்கியதுபோல அதே கார்டைத் தேய்த்துக் கொண்டு, நூற்றுக்கு 3 ரூபாய் கமிஷன் பிடித்துக் கொள்வாராம்.

73 ஆயிரத்துக்குக் கமிஷன் மட்டும் 2 ஆயிரத்து 190. அடுத்த மாதம் திரும்பவும் அதே கூத்து. கடன் ஒரு பைசா குறையாது. வாங்காத பொருளுக்கு பில் போடுவது கார்டு விதிக்கே விரோதம். தெரிந்தால் பாங்கி கார்டை முடக்கி விடும். கார்டையும் ரகசிய எண்ணையும் கண்டவர் கையில் கொடுத்து மோசம் போகும் ஆபத்து வேறு.

குமாஸ்தா அந்தக் கடை வாசல் வரை போனார். உள்ளே நாலு பேர் கார்டுடன் நின்று கொண்டிருந்தார்கள். என்ன தோன்றியதோ, திரும்பி விட்டார்.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுது விட்டார்.

மனைவி கேட்ட முதல் கேள்வி இது: "ஏங்க, நம்ம தெரு அடகுக் கடைக்காரர் கூட ரெண்டு வட்டிதானே கேக்கிறாரு?"

மறுநாள் கையில் இருந்த இரண்டு பவுன் வளையலைக் கழற்றிக் கொடுத்தார். கூட்டுறவு பாங்கியில் நகைக் கடன் போட்டார்கள். அங்கே நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் கணக்கில்தான் வட்டி. 75 ஆயிரம் வாங்கி, கார்டு பாக்கியை ஒரே நாளில் அடைத்தார்கள். நாலரை ரூபாய் போன இடத்தில் ஒரு ரூபாய்!

என்ன செய்ய வேண்டும்?

புதிதாகக் கார்டு வாங்கியவர்களும், பாக்கி ஏறி முழிப்பவர்களும் மனதில் வைக்க வேண்டிய விஷயங்கள் இவை:-

முழு பில்லையும் கட்ட முடியும் என்றால் மட்டும் கார்டைத் தேயுங்கள். தானாகப் பணம் பிடிக்க பாங்கியில் எழுதிக் கொடுத்திருந்தால், அது முழுத் தொகைக்கா, குறைந்தபட்சத் தொகைக்கா என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

பாக்கி ஏறி விட்டதா? அது தீரும் வரை அந்தக் கார்டில் ஒரு தீப்பெட்டி கூட வாங்காதீர்கள். வட்டி தினக் கணக்கில் ஓடுகிறது. கடைசி நாளுக்காகக் காத்திருக்காமல் சம்பளம் வந்த அன்றே முடிந்ததைக் கட்டினால் அத்தனை நாள் வட்டி மிச்சம்.

பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கேட்கலாம். வட்டி குறையும். ஆனால் பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று கேட்டுக் கொண்டு சம்மதியுங்கள்.

ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டு ரொக்கம் எடுக்காதீர்கள். அதற்கு எடுத்த நிமிடத்தில் இருந்து வட்டி. தனிக் கட்டணமும் உண்டு.

கார்டு வைத்திருப்பவர்களுக்காக ரிசர்வ் பாங்கி 2022-ம் ஆண்டு சில கட்டளைகளைப் பிறப்பித்தது. அதன்படி, கடைசி நாள் கடந்து 3 நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதையும் கட்டாமல் நிற்கும் தொகைக்குத்தான் போட வேண்டும். பில் தேதியை உங்கள் சம்பள தேதிக்குத் தோதாக மாற்றிக் கேட்கலாம். பாக்கியை அடைத்து விட்டு கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு அபராதம் தர வேண்டும்.

பாக்கி வசூலிக்கும் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்றும் அதே ஆண்டு உத்தரவு போடப்பட்டது. மிரட்டுவது, வீட்டாரையும் நண்பர்களையும் தொல்லை செய்வது எல்லாம் கூடாது. பாங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறை தீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கோர்ட்டு தீர்ப்பு

"இவ்வளவு வட்டி வாங்கலாமா?" என்று கோர்ட்டிலும் கேட்டுப் பார்த்தாகி விட்டது.

வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் கமிஷன் 2008-ம் ஆண்டு தீர்ப்புச் சொன்னது. பாங்கிகள் அப்பீல் செய்தன. 2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து விட்டது.

ஆகவே வட்டியைக் கோர்ட்டு குறைக்கும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. அவரவர் கையைத்தான் அவரவர் பிடிக்க வேண்டும்.

வளையல் திரும்பியது

குமாஸ்தா மாதம் 6 ஆயிரத்து 700 ரூபாய் வீதம் நகைக் கடனைக் கட்டி வந்தார். டீ, சினிமா எல்லாவற்றையும் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஒரு ஷெட்டில் கணக்கு எழுதினார்.

2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் கடைசித் தவணை முடிந்தது. ஒரு வருடம் வெறும் கையோடு இருந்த மனைவிக்கு வளையல் திரும்பி வந்தது.

கார்டு என்ன ஆயிற்று?

"மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டேன். அட்டையை நாலு துண்டா வெட்டிப் போட்டது என் சம்சாரம்தான்" என்றார் அவர்.

அதே ரெயில் நிலைய வாசலில் குடையும் மேஜையும் அப்படியே இருக்கிறது. "சார், ஒரே நிமிஷம் சார்" என்ற குரல் கேட்டால் அவர் நிற்பது இல்லை. ஆவடி ரெயிலுக்கு நேரமாகி விட்டது என்று நடையைக் கட்டி விடுகிறார்.