கேடயமும் காமன் கம்பமும்
நோர்வேயின் கொக்ஸ்டாட்டில் 1880இல் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது, கி.பி. 900 வாக்கில் புதைக்கப்பட்ட வைக்கிங் கப்பல் வெளிப்பட்டது. அதன் இரு விளிம்பிலும் பக்கத்துக்கு 32 வீதம் 64 கேடயங்கள். மஞ்சளும் கறுப்புமாக மாறி மாறிப் பூசப்பட்டவை. அமைப்பு எளியது. மெல்லிய பலகைகளைச் சேர்த்த வட்டம், நடுவில் துளை, துளையை மூடும் இரும்புக் குமிழ், அதன் உட்குழிவுக்குள் பிடியைப் பற்றும் கை. அக்காலப் போர்களை இன்று திரும்ப நடித்துக்காட்டும் ஐரோப்பியக் குழுக்களுக்கு இதுவே மூல மாதிரி. ஆனால் அவர்களுடைய கேடயங்களில் காணும் ஓநாய்க்கும் காகத்துக்கும் கொக்ஸ்டாட்டில் சான்று இல்லை. சுழல் கோடுகளுக்காவது கொட்லாந்துத் தீவின் சித்திரக் கற்கள் துணை நிற்கின்றன. மற்றவற்றில் பெரும்பங்கு வரைபவரின் கற்பனைதான். பலகையும் மாறிவிட்டது: வாரந்தோறும் அடி வாங்க வேண்டியிருப்பதால் பலர் தடித்த ஒட்டுப்பலகைக்குப் போய்விட்டார்கள். தோண்டியெடுத்த பொருள் கையில் இருந்தும் இவ்வளவு விலகல்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட், அட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். மாசி வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். தப்பு முழங்க ரதியும் மதனாகிய காமனும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் ஆடி வருவார்கள். முடிவில் சிவனின் நெற்றிக்கண் மதனை எரிக்கும். இது வழிபாடு, போர் நடிப்போடு எப்படிச் சேரும் என்று கேட்கலாம். நம்பிக்கை வேறு, உண்மைதான், வழிமுறை ஒன்றே. நடந்ததாகக் கொள்ளும் ஒன்றை, குறித்த இடத்தில், குறித்த வேடத்தோடும் பொருளோடும் மறுபடி நடத்துகிறார்கள். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: காமன் எரிந்து போவதால் பழைய மாதிரி எதுவும் மிஞ்சுவதில்லை, பிறகு இது மாறவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? மாறித்தான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர். பல ஊர் வழக்கங்கள் ஒரே பொட்டலில் கலந்தன. காமன் எரிந்தானா இல்லையா என்பதையே தஞ்சைப் பக்கத்தில் இரு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடித் தீராமல் விட்டிருக்கிறார்கள்! ஆனால் கேடயம் செய்பவருக்கு ஆயிரம் ஆண்டு இடைவெளியைக் கற்பனையால் நிரப்ப வேண்டியிருக்கிறது. கூத்து மாஸ்டருக்கு அந்த இடைவெளி ஓர் ஆண்டுதான். கம்பம் கட்டிய கையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரே அடுத்த கம்பத்தைக் கட்டுகிறார். தவறினால் திருத்தக் கிழவர்கள் சுற்றி நிற்கிறார்கள், சத்தமாகவே.