தேக்கை விடக் கெட்டி... ஆனாலும் ஆப்பிள் மரத்தில் ஏன் யாரும் கட்டில் செய்வதில்லை?

பர்கர் கடை மெனுவில் ‘ஆப்பிள்வுட் ஸ்மோக்டு’ என்ற வார்த்தையைக் கவனித்திருப்பீர்கள். ஆப்பிள் விறகை மூட்டி, அந்தப் புகையில் இறைச்சியைப் பதப்படுத்துவது. பலருக்கு ஆப்பிள் மரக்கட்டையோடு இருக்கும் ஒரே தொடர்பு அதுதான். ஆனால் எரித்துத் தீர்க்கிற அளவுக்கு அது மட்டமான மரமா என்றால், இல்லவே இல்லை.

நன்கு உலர்ந்த ஆப்பிள் மரம் ஒரு கன அடிக்குச் சுமார் 23.5 கிலோ இருக்கும். தேக்கு 18.5 கிலோதான். மரத்தின் கடினத்தை அளக்க ‘ஜாங்கா’ என்றொரு சோதனை உண்டு. ஒரு சின்ன இரும்புக் குண்டைப் பாதி அளவுக்கு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். தேக்குக்குச் சுமார் 1,070 பவுண்டு. ஆப்பிளுக்கு 1,730! துளைகள் மிக நுண்ணியவை என்பதால், இழைத்து முடித்தால் வழுவழுவென்று வரும். வைரப் பகுதி இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, பார்க்கவும் அழகு.

அப்படியென்றால் கடைகளில் ஏன் கிடைப்பதில்லை?

முதல் சிக்கல், காயும்போது அது படுத்துகிற பாடு. பச்சை மரம் முழுதாகக் காய்ந்து முடிப்பதற்குள் தேக்கின் கன அளவு சுமார் 7 சதவீதம் சுருங்கும். ஆப்பிள் 17 சதவீதத்துக்கும் மேல். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினால் பரவாயில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் 10 சதவீதம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 5.6 சதவீதம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. விளைவு: கட்டை பிளக்கும், பலகை முறுக்கிக்கொள்ளும். வெட்டிய கட்டையை அப்படியே வெயிலில் போட்டுவிட்டால் அடுப்புக்குத்தான் ஆகும்.

தப்பிக்க வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். வெட்டிய உடனே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசிவிட வேண்டும்; முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். நடுத்தண்டை நீக்கிப் பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றாட விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு.

இரண்டாவது சிக்கல் மரத்தின் உருவம். பழம் பறிக்க வசதியாகக் கவாத்து செய்து, தாழ்வாகக் கிளை பிரிய விட்டு வளர்க்கப்படும் மரம் இது. நேரான, நீளமான அடிமரத்துக்கு எங்கே போவது? இப்போது நிலைமை இன்னும் மோசம். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்திய ‘எம்9’ போன்ற குட்டை வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டி நெருக்கமாக நடுகிறார்கள். சீக்கிரம் காய்க்கும்தான். ஆனால் கம்பி கட்டித் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஒல்லி மரத்தில் பலகையா அறுக்க முடியும்?

ஆப்பிள் தேசமான காஷ்மீரையே பாருங்கள். அங்கே அலங்கார வேலைப்பாடுள்ள மரச்சாமான்களுக்கு வால்நட் மரம். ஆப்பிளை அடுக்கி அனுப்பும் பெட்டிக்குக்கூட பாப்லர் மரம்தான்! கவாத்து செய்த ஆப்பிள் கிளைகளோ கரியாகி, குளிர்காலத்தில் பெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் ‘காங்கிரி’ கணப்புச் சட்டிக்குப் போகின்றன.

ஆனா, சின்னச் சின்னப் பொருள்களில் ஆப்பிள் மரம் ஒரு காலத்தில் ராஜா. ஐரோப்பாவின் பழைய மாவு மில்களில் இரும்புச் சக்கரத்தோடு கோத்துச் சுழலும் பற்களை ஆப்பிள் மரத்தில் செய்தார்கள். சத்தம் குறைவு. மாவுத் தூசி பறக்கிற இடத்தில் இரும்போடு இரும்பு உரசித் தீப்பொறி கிளம்பும் ஆபத்தும் இல்லை. எங்காவது சிக்கிக்கொண்டால் ஒரு மரப்பல் உடையும், அவ்வளவுதான். மாற்றிவிடலாம், மொத்தச் சக்கரமும் தப்பிக்கும். இரும்பு கிடைக்கிற காலத்திலும் மரத்தை விடாமல் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம்.

ஸ்காட்லாந்தில் ஆரம்பகால கோல்ஃப் மட்டைகளின் தலைப்பகுதி ஆப்பிள், பேரி மரங்களில் செய்யப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இயங்கிய டிஸ்டன் நிறுவனத்தின் தரமான கைரம்பங்களுக்கு ஆப்பிள் மரப்பிடி. மலிவு ரகங்களுக்கு பீச் மரம். பழைய கருவி சேகரிப்பவர்கள் இன்றும் தேடுவது அந்த ஆப்பிள் பிடி ரம்பங்களைத்தான். கொட்டாப்புளி, கடைசல் கிண்ணம், கரண்டி, காய் நறுக்கும் பலகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆன்லைனில் ‘ஆப்பிள்வுட்’ பலகை கண்ணில் பட்டால் முனைப்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளையங்களின் மையப்புள்ளி பலகைக்குள்ளேயே தெரிந்தால் வேண்டாம்; விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். வாங்கிவிட்டால் தண்ணீரில் ஊறவிடாதீர்கள், டிஷ்வாஷர் பக்கம் போகவே கூடாது. பால்கனி ஸ்டூல், தோட்டத்து பெஞ்ச் என்று வெளியில் போடும் பொருளாக ஆப்பிள் மரத்தை யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். கெட்டியாக இருந்தாலும் மழை ஈரத்தில் உளுத்துப்போகும், பூச்சியும் அரிக்கும். அந்த விஷயத்தில் தேக்கின் பக்கத்தில்கூட ஆப்பிள் வர முடியாது.