உங்களுக்குத் தெரியுமா? சஹாராவில் நீர்யானை!

இன்று துளி நீருக்கும் ஏங்கி நிற்கும் சஹாராவின் நடுவே, அல்ஜீரியாவின் தென்கிழக்கிலுள்ள தஸ்ஸிலி நஜ்ஜேர் பீடபூமியின் பாறைகளில், ஆதி மனிதர் நீர்யானையையும் முதலையையும் மேயும் பசுமந்தைகளையும் தீட்டியும் செதுக்கியும் வைத்திருக்கின்றனர். ஒரு காலத்தில் அங்கே நீரும் புல்வெளியும் செழித்திருந்தன என்பதற்கு இதனினும் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டுமோ?

• 15,000-க்கும் மேற்பட்ட சித்திரங்கள். 1982 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

• 2011-இல் சூடான் இரண்டாகப் பிரிந்ததும், ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய தேசம் என்ற ஸ்தானம், ஓரடி நிலமும் கூடாமலே, அல்ஜீரியாவை வந்தடைந்தது.

• அல்ஜீரியாவின் தென்பாலைவனத்துத் துவாரெக் மக்களின் சம்பிரதாயப்படி, முகத்திரை அணிவோர் புருஷர்களே; ஸ்திரீகள் முகம் மறைப்பதில்லை.